ஒரே மண், வேறு கவாத்து

இலை செழிப்பாக வருகிறது, பூ மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஹைட்ரேஞ்சியா வளர்க்கிறவர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் இந்த ஒன்றுதான். பூச்சி தின்றது, வேர் அழுகியது என்று வருகிறவர்கள் குறைவு. செடி ஆரோக்கியமாகவே நிற்கும். உள்ளங்கையைவிடப் பெரிய இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல், பளபளக்கும் பச்சை. வருஷங்கள் ஆகியும் ஒரு கொத்துகூட எட்டிப் பார்த்திருக்காது. பக்கத்து பங்களா வேலியிலோ யாரும் சீந்தாத ஒரு புதர் தலை தலையாக நீலத்தைச் சுமக்க முடியாமல் சாய்ந்து கிடக்கும். வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

யாரும் சீந்தாததால்தான் அந்தப் புதர் பூக்கிறது. இதை விளக்கக் கொஞ்சம் நேரமாகும், ஒரு டீ போட்டுக்கொண்டே பேசலாம். டீக்கும் இந்தச் செடிக்கும் சம்பந்தமும் இருக்கிறது.

நான் இருப்பது கோத்தகிரிப் பக்கம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், அந்தப் பக்கம் மூணாறு, கடல் தாண்டினால் நுவரெலியா என்று, தேயிலையோ பழைய பங்களாவோ இருக்கிற மலையில் எல்லாம் ஹைட்ரேஞ்சியாவும் இருக்கும். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து வைத்தார்கள். மண்ணும் குளிரும் பிடித்துப்போனதால் தங்கிவிட்டது. ஆனால் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்குத்தான் இது பூக்காமல் போகிறது. காரணம், அவர்களுக்குத் தேயிலை நன்றாகத் தெரியும்.

கீழ்வீட்டுத் தம்பி ஓர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். வாசல் படிக்கு இரண்டு பக்கமும் ஹைட்ரேஞ்சியா வைத்திருக்கிறார். தேயிலைப் புதர் மாதிரி மேலே தட்டையாக, ஒரே மட்டமாக, அளந்து வெட்டிய செடிகள்.

“அக்கா, கவாத்து பண்ணினாத்தானே புதுசா துளிர்க்கும்?”

“துளிர்க்கும் தம்பி. துளிர் மட்டும்தான் வரும்.”

தேயிலையில் நமக்கு வேண்டியது இலை. நான்கைந்து வருஷத்துக்கு ஒரு முறை கத்தியை எடுத்துச் செடியைக் குட்டையாக்கிக் கவாத்து செய்கிறோம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று கொழுந்து கிள்ளுகிறோம். தழைச்சத்தைக் கொட்டுகிறோம். தேயிலையும் பூக்கும், மஞ்சள் மகரந்தத்தோடு சின்ன வெள்ளைப் பூ. அதை யாரும் கொண்டாடுவதில்லை, பூத்தால் இலைக்குப் போகவேண்டிய சத்து வீண் என்றுதான் பேச்சு. ஆக, தேயிலைக் காட்டில் பழகிய கைக்குத் தெரிந்தது எல்லாம் பூவை அடக்கி இலையைக் கிளப்பும் வேலை. அதே கை சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஹைட்ரேஞ்சியாவை வெட்டுகிறது. மிச்சமிருந்த யூரியாவை ஒரு பிடி அதன் அடியில் வீசுகிறது. செடி தவறாமல் கீழ்ப்படிகிறது: இலை, மேலும் இலை.

இந்த ஊர்களில் அதிகம் காணப்படும் வகை ஹைட்ரேஞ்சியா மேக்ரோஃபில்லா. அகல இலை, பந்து போன்ற பெரிய பூத்தலை. இதன் குணம் ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இந்த வருஷம் நீங்கள் பார்க்கும் பூ போன வருஷமே செய்யப்பட்டுவிட்டது.

எப்படி என்றால், ஒரு குருத்து மண்ணிலிருந்தோ பழைய தண்டிலிருந்தோ கிளம்பி ஒரு பருவம் முழுக்க இலைவிட்டு வளர்கிறது. பகல் குறுகி, குளிர் இறங்க ஆரம்பித்ததும் வளர்ச்சி மெல்ல நிற்கிறது. வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறிலிருந்து எட்டு வாரம் நீடித்தால், அந்தக் குருத்தின் நுனி மொட்டுக்குள்ளும் அதை ஒட்டிய கணு மொட்டுகள் சிலவற்றிலும் பூத்தலை உருவாகிறது. கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடிக்குக் கீழே மொட்டைப் பிளந்து வைத்தால் தெரியும். பிறகு குளிர்காலம் முழுக்க அது அப்படியே உறங்குகிறது. வெயில் திரும்பியதும் மொட்டு விரிந்து, சில ஜோடி இலைகளை விட்டு, அதன் உச்சியில் பூவைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

சித்திரை வெயிலில் வடாம் பிழிந்து காயவைத்து டப்பாவில் போடுகிறோம். ஐப்பசி மழையில் எடுத்துப் பொரிக்கிறோம். மழை பிடித்த பிறகு வடாம் பிழிய முடியாது. குளிர்காலத்தில் ஹைட்ரேஞ்சியாவின் நுனியை வெட்டுகிறவர் அந்த டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போடுகிறார். செடிக்கு உயிருக்கு ஒன்றும் ஆகாது. அடியிலிருந்து தளதளவென்று புதுக் குருத்து வரும். அதில் பூ மட்டும் இருக்காது, ஏனென்றால் அது இன்னும் ஒரு குளிரைப் பார்க்கவில்லை. அது குளிரைப் பார்த்து மொட்டு கட்டும் நேரத்தில் மறுபடியும் கத்தரி வருகிறது. இப்படியே போனால் எத்தனை வருஷம் ஆனாலும் பூ வராது.

மலையில் ரோஜாவுக்குக் குளிர்காலத்தில் கவாத்து செய்கிறோம் அல்லவா, அந்தக் கையோடு பக்கத்தில் நிற்கிற இதையும் வெட்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து. ரோஜா புதுக் குருத்தில் பூக்கும் சாதி. இது அப்படியல்ல.

அப்படியானால் வெட்டவே கூடாதா? வெட்டலாம், பூ முடிந்த கையோடு. இங்கே கோடையில் தொடங்கும் பூ தென்மேற்குப் பருவமழை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடும். பூத்தலை பச்சையடித்து, காகிதம் போல் ஆனதும், அதைத் தாங்கிய தண்டில் மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் பருத்துத் தெரியும் ஒரு ஜோடி மொட்டுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அவ்வளவுதான். செப்டம்பர் தாண்டினால் கத்தரியை உள்ளே வைத்துவிடுங்கள். ஜப்பானில் கோடை மழையில் பூ முடிகிறது. அங்கே தோட்டக்காரர்கள் ஜூலைக்குள் இந்த வேலையை முடித்துவிடுவார்கள். நம் மலையில் இரவு பெரும்பாலான மாதங்களில் குளிராகவே இருப்பதால் செடி அவ்வளவு கறாராக நாள்காட்டி பார்ப்பதில்லை. ஆனால் குருத்து, குளிர், பூ என்ற வரிசை இங்கேயும் மாறாது.

செடிக்கு வயதாகிவிட்டது, உள்ளே மரத்துப்போன தண்டாக இருக்கிறது என்றால், அதில் மிகப் பழையவற்றை மட்டும் தேர்ந்து தரைமட்டத்தில் அறுத்தெடுக்கலாம். வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மீதித் தண்டுகளின் நுனி அந்த வருஷத்துப் பூவைத் தரும். அறுத்த இடத்தில் கிளம்பும் குருத்து அடுத்த வருஷத்துக்கு. வேலி மாதிரி மேல்மட்டமாக மொட்டையடிப்பதுதான் கூடவே கூடாதது. இந்தச் செடி சதுரமாக இருக்கப் பிறந்ததில்லை. கொஞ்சம் தாறுமாறாக நின்றால்தான் அழகு என்பது என் கட்சி. ஏற்கெனவே வெட்டிவிட்டீர்கள் என்றால் அதற்குப் பரிகாரம் கிடையாது. உரம், மருந்து என்று எதையும் தேடாமல் ஒரு வருஷம் சும்மா விடுங்கள்.

“யூடியூப்ல அடியோட வெட்டச் சொல்றாங்களே அக்கா?”

சொல்வார்கள், அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. ஹைட்ரேஞ்சியாவில் வேறு சாதிகள் இருக்கின்றன. கூம்பு வடிவத்தில் பூக்கும் பேனிக்குலேட்டா, அமெரிக்காவைச் சேர்ந்த ஆர்போரெசென்ஸ் இரண்டும் அந்தந்த வருஷத்துப் புதுக் குருத்திலேயே பூக்கும். இல்லினாய் மாநிலத்தில் அன்னா என்ற ஊர்ப் பக்கம் கண்டெடுத்த ‘அன்னாபெல்’ என்ற வெள்ளைப் பூ வகை இந்த ஆர்போரெசென்ஸைச் சேர்ந்தது. அதைக் குளிர்காலத்தில் தரையோடு வெட்டினாலும் கோடையில் பூத்துவிடும். 2004இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘எண்ட்லெஸ் சம்மர்’ மேக்ரோஃபில்லா சாதிதான், என்றாலும் பழைய தண்டிலும் புதிய தண்டிலும் பூக்கும். ஆக, வீடியோவில் வெட்டுகிறவர் எந்தச் செடியை வெட்டுகிறார் என்று பாருங்கள். உங்கள் செடியின் பெயர் தெரியாதென்றால், பந்துத் தலையும் தடித்த அகல இலையும் இருந்தால் அதை மேக்ரோஃபில்லா என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெட்டாமல் விட்டால் எந்தச் சாதிக்கும் பெரிய நஷ்டமில்லை.

பந்துத் தலை என்று சொன்னேன். அதில் நாம் இதழ் என்று நினைப்பது இதழ் இல்லை, புல்லி. நிஜப் பூ நடுவில் கடுகளவு இருக்கும். சில வகைகளில் தலை தட்டையாக, நடுவில் நிஜப் பூக்கள் பொடிப்பொடியாகவும் ஓரத்தில் மட்டும் வண்ணப் புல்லிகள் வளையமாகவும் இருக்கும். தேனீ வருவது அந்தத் தட்டைத் தலைக்குத்தான். புல்லி என்பதால்தான் இந்தப் பூ வாரக்கணக்கில் உதிராமல் நிற்கிறது.

கத்தரிக்கு அடுத்த எதிரி உறைபனி. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் பள்ளமான இடங்களில் விடிகாலையில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அப்போது முதலில் கருகுவது நுனி மொட்டு. பூ இருப்பதும் அங்கேதான். ஊட்டி தாவரவியல் பூங்காவில் நாற்றுகளையும் அலங்காரச் செடிகளையும் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடிவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் மிலார் இல்லாவிட்டால் பழைய சாக்கோ போர்வையோ போதும். சாயங்காலம் போர்த்தி, வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். இன்னொரு வழி சோம்பேறிகளுக்கு உகந்தது: காய்ந்த பூத்தலைகளை வெட்டாமல் அப்படியே விட்டுவிடுவது. அவை கீழே இருக்கும் மொட்டுக்குக் குடை பிடிக்கும். பனி முடிந்ததும் காய்ந்த தலையை மட்டும் எடுத்தால் போதும். தண்டில் கை வைக்கவேண்டாம்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தழைச்சத்து மிகுந்தால் இலை பெருகும், பூ குறையும். மக்கிய தொழு உரமும் இலைச் சருகும் வருஷத்துக்கு ஒரு முறை அடியில் பரப்பினால் மலை மண்ணில் அதுவே தாராளம். யூரியா மூட்டையைத் தேயிலைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலும் நீரும் சேர்த்துப் பார்க்கவேண்டிய விஷயம். இந்தச் செடியின் பூர்வீகம் ஜப்பானின் கடலோரம். ஜூன், ஜூலையில் அங்கே ஒரு மழைப் பருவம் உண்டு; அந்த மழையின் பூ இதுதான். கமகுராவில் மெய்கெட்சுயின் என்ற கோயிலின் படிக்கட்டு இரண்டு பக்கமும் நீல ஹைட்ரேஞ்சியாவால் நிறைந்திருப்பதைப் பார்க்க அந்த மழையில் குடையோடு கூட்டம் வரிசையில் நிற்கும். ஈரம், மிதமான வெளிச்சம், மூடுபனி, இவைதான் அதற்குப் பழக்கம். ஆகவே காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் விழுந்து, மதியத்துக்கு மேல் நிழல் வருகிற கிழக்குப் பக்கச் சுவரோரம் உத்தமம். முழு நிழலில் வைத்தால் செடி இருக்கும், பூ இருக்காது. ‘நிழல் செடி’ என்று நர்சரியில் சொன்னார்கள் என்று சில்வர் ஓக் மரத்தடியில் கொண்டுபோய் வைக்கிறவர்கள் உண்டு. வெளிச்சமும் போதாது, மரத்தின் வேர் நீரையும் உறிஞ்சிவிடும்.

மதியம் இலை தொங்கிப்போய் நிற்பதைப் பார்த்துப் பதறி நீரை ஊற்றாதீர்கள். இலை பெரியது, வெளியேற்றும் நீர் அதிகம். வேர் கொடுக்கும் வேகம் போதாமல் தொங்குகிறது. சாயங்காலம் தானே நிமிர்ந்தால் ஒன்றுமில்லை. காலையிலும் தொங்கிக் கிடந்தால்தான் தாகம்.

இனி சமவெளிக்காரர்கள் கேள்விக்கு வருவோம். மே மாத சீசனில் ஊட்டிக்கு வருகிறார்கள், மலர்க் கண்காட்சி பார்க்கிறார்கள், நர்சரியில் பந்து பந்தாக நீலம் பூத்த தொட்டி ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்கோ சென்னைக்கோ இறங்குகிறார்கள். பூ ஒரு மாதம் இருக்கிறது. பிறகு செடியும் எப்படியோ சமாளித்து நிற்கிறது. அடுத்த வருஷம் பூ இல்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. கையில் குறை எதுவும் இல்லை. சென்னையில் மார்கழிக் குளிர் என்று ஸ்வெட்டர் போடுகிறோமே, அந்த ஜனவரி இரவும் சராசரியாக 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. 18க்குக் கீழே வாரக்கணக்கில் இறங்கினால்தான் மொட்டுக்குள் பூ உண்டாகும் என்று பார்த்தோம். அந்தச் செய்தி அங்கே செடிக்கு வந்து சேர்வதே இல்லை.

வெளிநாட்டில் பூக்கடைக்காகத் தொட்டி ஹைட்ரேஞ்சியா வளர்க்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கடிகாரம் போல் ஓட்டுகிறார்கள். இலையுதிர் காலக் குளிரில் மொட்டு கட்டவிட்டு, பிறகு இலையை உதிர்த்து, 4 முதல் 7 டிகிரிக் குளிர் அறையில் இருட்டில் ஆறு வாரம் போல் உறங்கவைத்து, அப்புறம் கண்ணாடி வீட்டில் சூடேற்றி எழுப்புவார்கள். எழுப்பிய பத்துப் பன்னிரண்டு வாரத்தில் பூ. எந்தத் தேதிக்குப் பூ வேண்டுமோ அதிலிருந்து பின்னோக்கி எண்ணி எல்லாம் நடக்கும். இதைக் கேட்டுவிட்டு, தொட்டியில் ஐஸ் கட்டி போடுவது, ஃபிரிட்ஜில் வைப்பது என்று இறங்கவேண்டாம். ஐஸ் அரை மணியில் கரைந்துவிடும். சாதாரண ஃபிரிட்ஜின் குளிர் உறக்கத்துக்கு உதவுமே தவிர, வெளிச்சத்தில் மொட்டு கட்டும் முந்தைய கட்டத்துக்கு உதவாது.

ஏற்காடு போன்ற உயரங்களில் தாராளமாக முயலலாம். சமவெளியில், என் கருத்தைக் கேட்டால், ஒரு மாத விருந்தாளியாக நினைத்து ரசித்துவிட்டு, மலையில் உறவுக்காரர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுத்துவிடுவது மேல். கொத்துக் கொத்தாகப் பந்துப் பூ வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் நம் இட்லிப்பூ இருக்கிறது. வெயிலைத் தாங்கும், வருஷம் முழுக்கப் பூக்கும், கேட்பது கொஞ்சம் புளிப்பான மண் மட்டும்.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் இந்த டீ முடியாது. பூ வந்தால் போதும் என்று கேட்டு வருகிறவர்களும் வந்த பிறகு நீலமாக மாற்ற முடியுமா என்றுதான் திரும்பி வருகிறார்கள்.

பள்ளியில் லிட்மஸ் காகிதம் பார்த்தோம்: அமிலத்தில் சிவப்பு, காரத்தில் நீலம். ஹைட்ரேஞ்சியாவில் இது தலைகீழ். மண்ணின் பிஹெச் 5.5க்குக் கீழே இருந்தால் நீலம், 6.5க்கு மேலே போனால் இளஞ்சிவப்பு. நடுவில் ஊதா, கலவை, எதுவும் வரலாம். காரணம் அமிலம் நேராக இல்லை, அலுமினியம். எல்லா மண்ணிலும் அலுமினியம் இருக்கிறது. புளிப்பான மண்ணில் அது கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. புளிப்பு குறைந்த மண்ணில் பிணைந்து கிடக்கிறது. வேர் உறிஞ்சிய அலுமினியம் புல்லிக்கு ஏறி, அங்கே இருக்கும் டெல்ஃபினிடின் வகை நிறமியோடும், காபிக்கொட்டையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலக் குடும்பத்துப் பொருள் ஒன்றோடும் கூட்டுச் சேர்கிறது. அந்தக் கூட்டின் நிறம்தான் நீலம். அலுமினியம் வராவிட்டால் அதே நிறமி இளஞ்சிவப்பாக நிற்கிறது. நிறமியே இல்லாத வெள்ளை வகை எந்த மண்ணிலும் வெள்ளைதான்.

தேயிலை உள்ளே வருவது இங்கேதான். புளிப்பு மண்ணில் கரைந்த அலுமினியம் பெரும்பாலான பயிர்களின் வேருக்கு விஷம்; வேர் நுனி கட்டையாகிவிடும். தேயிலையும் ஹைட்ரேஞ்சியாவும் விதிவிலக்கு. இரண்டும் அதை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். ஹைட்ரேஞ்சியா அதைச் சிட்ரிக் அமிலத்தோடு பிணைத்து விஷமில்லாமல் ஆக்கிக்கொள்கிறது. தேயிலையில் முற்றிய இலையில்தான் அது அதிகம் சேரும். நாம் கிள்ளும் கொழுந்தில் குறைவு. தேயிலைக்கு உகந்த மண் பிஹெச் 4.5 முதல் 5.5 வரை, நீல ஹைட்ரேஞ்சியாவுக்கும் அதுவேதான். கோத்தகிரியில் வேலியோரம் கவனிப்பாரற்று நிற்கும் புதர்கள் இத்தனை நீலமாக இருப்பது அதனால்தான். மண்ணைப் பொறுத்தவரை இரண்டும் பங்காளிகள். கத்தரியிலும் உரத்திலும்தான் பகை.

வீட்டுச் சுவரை ஒட்டிய செடி மட்டும் இளஞ்சிவப்பாகப் பூத்தால் ஆச்சரியப்படாதீர்கள். சிமெண்டிலிருந்தும் சுண்ணாம்புக் காரையிலிருந்தும் கசிவது அந்த இடத்து மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும். ஒரே புதரில் சுவர்ப் பக்கம் ஒரு நிறமும் வெளிப்பக்கம் ஒரு நிறமுமாகப் பூப்பதும் உண்டு.

நீலம் வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்குங்கள். சவரக் கடையில் கன்னத்தில் தேய்ப்பார்களே, அதேதான். அதில் அலுமினியம் இருக்கிறது. உரக்கடையில் அலுமினியம் சல்பேட் கிடைத்தால் இன்னும் நல்லது. பொடி செய்து 4 லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம் கரைத்து, முதலில் வெறும் நீரால் மண்ணை நனைத்துவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் வெந்துவிடும். கோடைத் துளிர் கிளம்பும்போதே ஆரம்பித்து மாதம் ஒரு முறை என்று இரண்டு மூன்று தடவை போதும். விரிந்துவிட்ட பூவை மாற்ற முடியாது. அடுத்து வரும் பூவுக்குத்தான் இது. எலும்புத்தூளும் சூப்பர் பாஸ்பேட்டும் அந்தச் சமயத்தில் வேண்டாம், மணிச்சத்து அலுமினியத்தைப் பிடித்து மண்ணிலேயே கட்டிவைத்துவிடும். தொட்டிச் செடிக்கு உப்புக் கலந்த போர்வெல் நீர் ஊற்றிக்கொண்டே படிகாரமும் போடுவது ஒரு கையால் கட்டி மறு கையால் அவிழ்ப்பது. மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

இளஞ்சிவப்பு வேண்டுமானால் எதிர்த்திசை: தேயிலைக்குப் போடும் டோலமைட் கொஞ்சம். அதிகமானால் நரம்பு பச்சையாக, இலை மஞ்சளாகிச் செடி இரும்புச்சத்துக்குத் தவிக்கும். துருப்பிடித்த ஆணியைப் புதைத்தால் நீலம் வரும் என்ற பாட்டி வைத்தியம் வேலை செய்யாது; இரும்புக்கு இதில் பங்கில்லை. வடிகட்டிய டீத்தூள் சக்கையைப் போடலாமா என்று தம்பி கேட்டார். போடலாம், மக்கி உரமாகும். நிறத்தை மாற்றும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஹைட்ரேஞ்சியாவிலேயே டீ உண்டு என்று சொன்னால் அவர் நம்பவில்லை. உண்மைதான். ஜப்பானில் செர்ராட்டா என்ற மலை வகையின் ஒரு பிரிவிலிருந்து அமாச்சா என்ற பானம் தயாரிக்கிறார்கள். பச்சை இலையில் இனிப்பு கிடையாது; பதப்படுத்திக் காயவைத்தால் சர்க்கரையைவிடப் பல நூறு மடங்கு இனிப்பான ஃபில்லோடல்சின் என்ற பொருள் வெளிப்படும். ஏப்ரல் 8ஆம் தேதி புத்தர் பிறந்தநாளில் குழந்தை புத்தர் சிலைக்கு இந்தத் தேநீரால்தான் அபிஷேகம். கேட்டுவிட்டு உங்கள் வீட்டு இலையைக் கொதிக்கவைத்துவிடாதீர்கள். தோட்ட வகைகளின் இலையும் மொட்டும் விஷம். 2008 ஜூனில் ஜப்பானிலேயே உணவகத் தட்டில் அழகுக்கு வைத்த ஹைட்ரேஞ்சியா இலையைத் தின்றவர்கள் வாந்தியோடு அவதிப்பட்டார்கள். ஆடு, மாடு, நாய்க்குட்டி எட்டாத இடத்தில் செடி இருக்கட்டும்.

புதுச் செடிக்கு நர்சரிக்கு ஓடவேண்டியதில்லை. தென்மேற்கு மழை பிடித்ததும், பூக்காத பச்சைக் குருத்து ஒன்றைப் பென்சில் நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, மணலும் மக்கிய சருகும் கலந்த பையில் ஊன்றி நிழலில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர்விடும். பூத்த தண்டும் வேர்விடும், ஆனால் தாமதம். வெள்ளையைத் தவிர மற்றதில் தாய்ச்செடியின் நிறத்தை நம்பி எடுக்காதீர்கள், நிறம் நடுகிற இடத்து மண்ணில் இருக்கிறது. தலை பந்தா தட்டையா என்பதை மட்டும் பார்த்து எடுங்கள். முதல் வருஷமே சின்னதாக ஒரு பூ எட்டிப் பார்த்தால் அதைக் கிள்ளிவிட்டால் தண்டு பருக்கும்.

தம்பி தன் வாசலுக்கு இந்த மழையில் வெள்ளை வகையில் இரண்டு குருத்து எடுத்துப்போயிருக்கிறார். பழைய செடிகளை இந்தக் குளிர்காலம் வெட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று அவர் வீட்டில் மட்டும் ஆட்சேபம்.